ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்து வருஷமா, டிகிரி முடித்து மூன்று வருஷமா? வடசென்னையிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்த வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். தம்பு செட்டித் தெருவில் மூன்றாவது மாடி. மூன்று வக்கீல்கள் பகிர்ந்துகொள்ளும் அறை, வருகிறவர்களுக்கு நாற்காலி ஒன்றுதான். அப்பா உட்காரவில்லை, கதவோரம் நின்றுகொண்டார். விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி, 600க்கு 489.

"அக்கா, அஞ்சு வருஷம் பி.ஏ. எல்எல்.பி. போடவா, இல்ல பி.காம். முடிச்சிட்டு மூணு வருஷ லா போடவா?"

அப்பாவின் கேள்வி வேறு. "எது மேடம் சீக்கிரம் முடியும்?"

அவருக்குப் பதில் சொல்வது சுலபம். அது ஐந்து, இது மூன்றும் மூன்றும் ஆறு. ஒரு வருஷம் மிச்சம். மகளுக்குப் பதில் சொல்லத்தான் ஒரு மணி நேரம் ஆனது, அதிலும் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் பி.காம். முடித்து மூன்று வருஷப் படிப்பில் வந்தவள். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், சட்டப் பாடங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்தான் இரண்டையும் கட்டுப்படுத்துகின்றன. ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், அரசமைப்பு, குடும்பச் சட்டம், சாட்சியம், சொத்து மாற்றம் என்று 20 கட்டாயப் பேப்பர்கள், அதன் மேல் 4 செய்முறைப் பேப்பர்கள், பிறகு விருப்பப் பாடங்கள். ஐந்து வருஷக்காரர்களுக்கு இவற்றோடு அரசியல் அறிவியல், பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், ஆங்கிலம் எல்லாம் முதல் வருஷங்களில் கலந்து வரும். மூன்று வருஷக்காரர்கள் முதல் செமஸ்டரிலேயே ஒப்பந்தச் சட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அங்கே பத்து செமஸ்டர், இங்கே ஆறு. என்ரோல்மென்ட் எண்ணை, அதாவது வக்கீலாகப் பதிவு செய்த எண்ணைப் பார்த்து இவர் எந்தப் படிப்பில் வந்தவர் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கட்சிக்காரர் கேட்பதெல்லாம் அடுத்த வாய்தா எப்போ என்பதுதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? உள்ளே போகும் வாசலிலும் வெளியே வரும் வாசலிலும்.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்து வருஷத்துக்கு ப்ளஸ் டூ மார்க்கும், மூன்று வருஷத்துக்கு டிகிரி மார்க்கும் ரேங்க் பட்டியலைத் தீர்மானிக்கும். பார் கவுன்சில் வைத்திருக்கும் குறைந்தபட்சம் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. இது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டும்தான், சீட்டுக்கு அதைவிட நிறைய வேண்டும். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்கள் அதை இப்போதே செலவழிப்பது புத்திசாலித்தனம். மூன்று வருஷம் கழித்து அந்த மார்க்ஷீட்டை இதற்காக யாரும் கேட்கப் போவதில்லை. ப்ளஸ் டூவில் சறுக்கியவர்களுக்கு டிகிரி ஒரு இரண்டாவது வாய்ப்பு. என் கதை அதுதான்.

வெளியே வரும் வாசலைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஐந்து வருஷப் படிப்பில் மூன்றாம் வருஷம் முடித்து, "எனக்கு இது போதும், பி.ஏ. மட்டும் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. நடுவில் சேரவும் முடியாது, நடுவில் பட்டத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வெளியேறவும் முடியாது. நான்கு வருஷம் படித்துவிட்டு வீட்டுச் சூழ்நிலையால் நின்றால், கையில் இருப்பது ப்ளஸ் டூ சான்றிதழ்தான். நான் இதைச் சொன்னபோதுதான் அந்த அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் 'சீக்கிரம்' என்று கேட்டதற்குப் பின்னால் இருந்த பயம் இதுதான் போலிருக்கிறது. வருஷத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடியும். பள்ளிக்கூடம், காலேஜ் என்று எல்லாச் செலவும் வந்து நிற்கிற நேரத்தில் வீட்டில் வருமானம் இருக்காது.

பாரதி மகளிர் கல்லூரியிலோ, தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ முதலில் ஒரு டிகிரி முடித்தால், மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு படி ஏறி நிற்கலாம். அங்கிருந்து வேலைக்குப் போகலாம், டிஎன்பிஎஸ்சி எழுதலாம், லா சேரலாம். ப்ளஸ் டூ ஒழுங்காக முடித்தவர்கள் டிகிரியை அஞ்சல் வழியில் படித்திருந்தாலும் மூன்று வருஷ லாவுக்கு விண்ணப்பிக்கலாம். துறைமுகத்தில் கன்டெய்னர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடித்து, அப்புறம் வந்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். ஆனால் எல்எல்.பி.யை அப்படிப் படிக்க முடியாது. அது நேரில் போய் உட்கார வேண்டிய படிப்பு. அஞ்சல் வழி எல்எல்.பி. என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதற்கு மார்க்?

இனி நான் அந்தப் பெண்ணிடம் அதிக நேரம் பேசிய விஷயம். சட்டக் கல்லூரியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதற்கு மார்க் போடுகிறார்கள் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மார்க் எதற்கோ, மாணவர்கள் அதைத்தான் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூரில் ஒரு உர ஆலைக்குக் கடலுக்கு அடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடு தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இந்த ஒரே சம்பவத்தை சட்டப் படிப்பு நான்கு விதமாகக் கேட்கும்.

முதல் விதம், பெரிய கேள்வி. 'ஸ்டிரிக்ட் லயபிலிட்டி, அப்சல்யூட் லயபிலிட்டி, வேறுபாட்டை விளக்குக.' இதற்கு நீங்கள் எண்ணூருக்கே போக வேண்டாம். 1868இல் இங்கிலாந்தில் வந்த ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கு. ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் சேர்த்து வைத்தவன், அது தப்பித்துப் போய் அடுத்தவனுக்குக் கேடு செய்தால், தன்மேல் தப்பு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்ற விதி, இதுதான் ஸ்டிரிக்ட் லயபிலிட்டி. அதற்கு இருக்கும் விலக்குகள், அதாவது இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆளின் செயல், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இத்யாதி. பிறகு டெல்லியில் 1985 டிசம்பரில் ஓலியம் வாயுக் கசிவு, எம்.சி. மேத்தா வழக்கு, 1986 டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு அந்த விலக்குகள் எதுவும் ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனத்துக்குக் கிடையாது என்று சொன்னது, நிறுவனம் எவ்வளவு பெரியதோ நஷ்ட ஈடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றது. இதுதான் அப்சல்யூட் லயபிலிட்டி. நாலு பக்கம், தலைப்புகளுக்கு அடிக்கோடு. மனப்பாடம் நன்றாக இருந்தால் மார்க் நிச்சயம். பழைய கேள்வித்தாள் ஐந்தாறு புரட்டினால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். தேர்வுக்கு முந்தின வாரம் கைடு மட்டும் வாங்கி பாஸ் ஆனவர்கள் உண்டு. இதை மறைத்து என்ன பயன்?

இரண்டாம் விதம், பிராப்ளம் கேள்வி. 'ஒரு நிறுவனத்தின் குழாயை அனுமதியில்லாமல் நங்கூரம் போட்ட கப்பல் உடைத்தது. வாயு கசிந்து மீனவர் ஒருவர் பாதிக்கப்பட்டார். நிறுவனம், தப்பு கப்பலுடையது என்கிறது. தீர்மானிக்க.' கப்பல், நங்கூரம் எல்லாம் நான் சேர்த்தது, கேள்வித்தாள்களில் கதை இப்படித்தான் இருக்கும். இங்கே ரைலண்ட்ஸ் கதையை முழுதாக எழுதினால் மார்க் வராது. மூன்றாம் ஆளின் செயல் என்பது ஒரு விதியில் தப்பிக்கும் வழி, இன்னொரு விதியில் வழியே இல்லை. எந்த விதி இதற்குப் பொருந்தும், ஏன் என்று ஒரு பக்கத்தில் சொல்லி, கடைசி வரியில் 'ஆகவே நிறுவனம் பொறுப்பு' என்று முடிக்க வேண்டும். நான் முதல் செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டப் பேப்பரில் மைனர் பையன் கடன் வாங்கிய பிராப்ளத்துக்கு 1903ஆம் ஆண்டு மோகரி பீபி வழக்கை வரி விடாமல் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதை எழுதவே மறந்துவிட்டேன். கேட்டது அது ஒன்றைத்தான்.

மூன்றாம் விதம், மூட் கோர்ட், அதாவது மாதிரி நீதிமன்றம். வகுப்பில் ஒருவர் மீனவருக்கு, ஒருவர் நிறுவனத்துக்கு. எழுத்தில் வாதம் தர வேண்டும், எழுந்து நின்று பேச வேண்டும், நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் நடுவில் வெட்டிக் கேள்வி கேட்பார். பார் கவுன்சில் விதிப்படி இந்தப் பேப்பருக்கு 100 மார்க். அதில் மூன்று மாதிரி வழக்குக்கு 30. ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்கு 5, பேச்சுக்கு 5. ஒரு சிவில், ஒரு கிரிமினல் என்று நிஜக் கோர்ட்டில் இரண்டு வழக்கின் விசாரணையைப் பார்த்து எழுதும் ரெக்கார்டுக்கு 30. வக்கீல் அறையில் கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது, வழக்குத் தாள்கள் தயாராவதைப் பார்ப்பது, அதற்கு டைரி, 30. வாய்மொழித் தேர்வு 10.

நான்காம் விதம், டிராஃப்டிங். அந்த மீனவருக்காக ஒரு பிளெயின்ட், அதாவது வழக்கு மனு எழுது. எந்தக் கோர்ட், யார் வாதி, யார் பிரதிவாதி, வழக்கு மூலம் எந்த நாளில் எழுந்தது, என்ன பரிகாரம், கோர்ட் ஃபீஸ் எவ்வளவு. இந்தப் பேப்பரில் 15 வழக்குத் தாள்களுக்கு 45, விற்பனைப் பத்திரம், உயில், அதிகாரப் பத்திரம் போன்ற 15 ஆவணங்களுக்கு 45, வாய்மொழிக்கு 10. இன்று என் பிழைப்பே இந்தப் பேப்பரில்தான் ஓடுகிறது. ஆனால் படிக்கிற காலத்தில் எல்லோரும் அலட்சியமாக விடுவதும் இதைத்தான். சீனியர் மாணவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, தேதியையும் பெயரையும் மாற்றி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். மார்க்கும் வந்துவிடும். என்ரோல் ஆன பிறகு முதல் பிளெயின்ட்டை ரிஜிஸ்ட்ரி குறை சொல்லித் திருப்பி அனுப்பும்போதுதான் எல்லாம் தெரியும்.

எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும், அங்கே இந்த நான்கில் எதற்கு எவ்வளவு நேரம் என்று அங்கே படிக்கும் மூன்றாம் நான்காம் வருஷ மாணவர்களிடம் கேளுங்கள். "போன செமஸ்டரில் எத்தனை தடவை எழுந்து நின்று வாதாடினாய்?" என்று கேட்டால் போதும். பிராஸ்பெக்டஸில் இது இருக்காது.

அரசுக் கல்லூரி, சீர்மிகு சட்டப் பள்ளி, திருச்சி

இணைப்புக் கல்லூரிகளில், அரசுக் கல்லூரிகள் உட்பட, எடை செமஸ்டர் முடிவில் வரும் பல்கலைக்கழகத் தேர்வின் பக்கம்தான். உங்கள் ஆசிரியர் உங்கள் விடைத்தாளைத் திருத்துவார் என்று சொல்ல முடியாது. அதில் ஒரு நன்மை உண்டு, முகம் பார்த்து மார்க் விழாது. கஷ்டமும் உண்டு, எங்கே தப்பு செய்தோம் என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அரியர் விழுந்தால்தான் தெரியும். கட்டணம் மிகக் குறைவு. தமிழிலேயே தேர்வு எழுதலாம்.

பல்கலைக்கழகம் தானே நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி பெருங்குடி வளாகத்தில் இருக்கிறது. அங்கே எல்லாம் ஹானர்ஸ், பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. என்று எதோடும் சேர்த்துப் படிக்கலாம். நுழைவுத் தேர்வு அங்கும் இல்லை, ஆனால் மார்க் நிறைய வேண்டும். ஆங்கில வழி. கட்டணம் அரசுக் கல்லூரியைவிட அதிகம். அசைன்மென்ட், செமினார், இன்டர்னல் என்று வருஷம் முழுவதும் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கூச்சப்படுகிற பிள்ளைகளைப் பேச வைக்க இது நல்லது. வேலைக்குப் போய்க்கொண்டு சமாளிக்க நினைப்பவர்களுக்குச் சரிப்படாது.

மூன்றாவது, திருச்சி நவலூர் குட்டப்பட்டில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இதற்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்பான பதிலுக்குக் கால் மார்க் கழிவு, எல்லாம் ஆங்கிலத்தில். அந்தத் தேர்வு சோதிப்பது சட்ட அறிவை இல்லை, நீளமான ஆங்கிலப் பத்தியை வேகமாகப் படித்துப் பிடிக்கும் திறமையை. உள்ளே போனால் ஹாஸ்டல், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை, அதை வகுப்பில் வைத்துப் பேசி பதில் சொல்வது. பெரிய கம்பெனி சட்ட அலுவலகம், ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு என்று கனவு இருந்தால் இதற்கு இணை இல்லை. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் செக் பவுன்ஸ் வழக்கு நடத்த இவ்வளவு செலவு தேவையா என்பது என் கேள்வி. தமிழ் வழியில் படித்த பிள்ளை ஒரு வருஷம் தனியாகப் பயிற்சி எடுக்காமல் கிளாட்டில் ஜெயிப்பது கடினம். நம் பக்கத்துப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பிலேயே யாராவது இந்தத் தேர்வின் பெயரைச் சொன்னால் நன்றாக இருக்கும். ரிசல்ட் வந்த பிறகு சொல்லி என்ன செய்வது.

தனியார் கல்லூரிகளைப் பற்றி ஒரே வரி: பார் கவுன்சில் ஒப்புதல் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா, தேர்வை யார் நடத்துகிறார்கள், இந்த இரண்டையும் பணம் கட்டும் முன் பாருங்கள்.

மொழி பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழில் தேர்வு எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று ஒரு பேச்சு இருக்கிறது. திருவொற்றியூர் கோர்ட்டிலோ பொன்னேரி கோர்ட்டிலோ சாட்சி தமிழில்தான் பேசுவார், குறுக்கு விசாரணை தமிழில்தான். விடைத்தாளில் தமிழில் தெளிவாக வாதம் கட்டத் தெரிந்தவர், கூண்டில் நிற்பவரிடமும் தெளிவாகக் கேள்வி கேட்பார். ஆனால் ஐகோர்ட்டில் ஆங்கிலம்தான், தீர்ப்புத் தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதனால் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது: தேர்வைத் தமிழில் எழுது, தினம் ஒரு தீர்ப்பை ஆங்கிலத்தில் படி. முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

ரயிலும் வருகைப் பதிவும்

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா காலேஜ் நூறு வருஷத்துக்கு மேல் பாரிமுனையில் ஐகோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தச் சிவப்புக் கட்டடத்தில் நான் படித்தபோது, மத்தியானம் வகுப்பு முடிந்தால் ஐந்து நிமிஷத்தில் ஐகோர்ட் வராண்டாவில் நிற்கலாம். ராயபுரத்திலிருந்து நடந்தே வந்தவர்கள் இருந்தார்கள். 2018இல் கல்லூரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திருவள்ளூர் பக்கம் பட்டரைப்பெரும்புதூருக்கும் இன்னொன்றைக் கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். இப்போது நமக்கு வாசலில் கோர்ட் இருக்கிறது, காலேஜ்தான் தூரம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் ஐகோர்ட் ஸ்டேஷனிலேயே இறங்கலாம், மாணவர்கள் மட்டும் எதிர்த் திசையில் போகிறார்கள்.

இரண்டில் பட்டரைப்பெரும்புதூர் நமக்கு வசதி. பீச்சிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலை ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ பிடிக்கலாம். பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். திருவள்ளூர் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து திருப்பதி நெடுஞ்சாலையில் பஸ். காலையில் நகரத்துக்கு வெளியே போகும் ரயில் என்பதால் உட்கார இடம் கிடைக்கும், 'பேர் ஆக்ட்', அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம் படிக்கலாம். புதுப்பாக்கம் என்றால் நகரத்தை வடக்கிலிருந்து தெற்குவரை முழுசாகக் கடக்க வேண்டும். அங்கே சீட் கிடைத்தால் ஹாஸ்டலைப் பற்றி யோசியுங்கள். பெருங்குடிக்கு பீச்சிலிருந்து பறக்கும் ரயில் இருக்கிறது.

இந்தப் பயண நேரத்தை நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் வருகைப் பதிவு. பார் கவுன்சில் விதி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம். தகுந்த காரணம் இருந்து மொத்தத்தில் 70 இருந்தால், ஒரு பாடத்தில் 65 வரை விட்டுக்கொடுக்கலாம். ஆக, பகலில் சீனியர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டே படித்துவிடலாம் என்ற கணக்கு இனி நடக்காது. இன்டர்ன்ஷிப்பும் கட்டாயம்: ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 20 வாரம், மூன்று வருஷத்துக்கு 12 வாரம். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணைக் கோர்ட் வக்கீலிடம் ஒரு முறையாவது, மேல்முறையீட்டுக் கோர்ட் வக்கீலிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். ஐந்து வருஷக்காரர்களுக்கு எட்டு வாரம் கூடுதல், அதுவும் ஐந்து கோடை விடுமுறைகளில் பரவி வரும். பதினெட்டு வயதிலேயே கோர்ட் வாசனை பிடித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் ஐந்து வருஷப் படிப்புதான் உசத்தி, ஒப்புக்கொள்கிறேன். நான் கோர்ட்டுக்குள் முதலில் நுழைந்தபோது எனக்கு 22. எங்கே கும்பிடுவது, எங்கே நிற்பது என்று தெரியாமல் டவாலியிடம் திட்டு வாங்கினேன்.

பிளாட்பாரத்தில் பழைய கைடு வாங்குகிறவர்கள் கவனிக்க: 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள், பாரதிய நியாய சன்ஹிதாவில் 358. கொலைக்கு 302 என்று மனப்பாடம் செய்தது இப்போது 103. 420 என்று ஊரே திட்டிக்கொண்டிருந்தது 318இன் நான்காம் உட்பிரிவு. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழையதை வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒப்பந்தச் சட்டத்துக்குப் பழையது ஓடும், 1872இல் வந்த அந்தச் சட்டத்தின் அடிப்படை பெரிதாக மாறவில்லை.

படிப்பு முடிந்த பிறகு இரண்டு வழியும் ஒன்றாகிவிடும். என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதற்கு முன் இதற்காகவே கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பிறகு அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, குறிப்பு எழுதாத 'பேர் ஆக்ட்' கையில் வைத்துக்கொள்ளலாம், தமிழிலும் எழுதலாம், பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் பாஸ். நாலு பக்கக் கட்டுரையை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திணறுவார்கள். எந்தச் சட்டத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள் சிரமமில்லாமல் முடித்துவிடுவார்கள்.

சிவில் நீதிபதி ஆக வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஒரு நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது: குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். ஆக ஐந்தும் மூன்றும் எட்டு, அல்லது ஆறும் மூன்றும் ஒன்பது. அந்த மூன்று வருஷம் ஜூனியருக்கு வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. காலேஜ் செலவைக் கணக்குப் போடுகிற குடும்பங்கள் இந்த மூன்று வருஷத்தை மறந்துவிடுகின்றன. ஆறு வருஷப் பாதையில் கையில் ஒரு பி.காம். இருந்தால், சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி வேலை பார்த்து பஸ் காசையும் சாப்பாட்டுச் செலவையும் தேற்றிக்கொள்ளலாம். நான் தேற்றினேன்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்?

பொதுவாக என்னைக் கேட்டால், வீட்டில் வருமானம் நிலையில்லாமல் இருந்து, சட்டம்தான் வேண்டும் என்பதிலும் பிள்ளைக்குத் தயக்கம் இருந்தால், முதலில் டிகிரி என்பேன். அப்படித்தான் அவளுக்கும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நானே மாற்றிக்கொண்டேன். அவள் அரசுப் பள்ளி மாணவி. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், முதல் பட்டப் படிப்பு முடியும்வரை. 2022இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்தால் அந்த 1000 ஐந்து வருஷமும் வரும். டிகிரி முடித்து லா போனால், லா படிக்கும் மூன்று வருஷத்துக்கு வராது. 489 மார்க் இப்போது கையில் இருக்கிறது, மூன்று வருஷம் கழித்து பி.காமில் அதே அளவு வாங்குவாளா என்பது அப்போதுதான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஒரு நாள் காலை உட்கார வைத்தேன். நான்கு வழக்குகளைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அந்த மூணாவது கேஸ்ல சாட்சி பொய் சொல்றது எல்லாருக்கும் தெரியுது, அந்த வக்கீல் ஏன் அதைக் கேக்கவே இல்ல?" என்றாள். தயக்கம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் இன்னும் ஒன்று பாக்கி. "நடுவுல நின்னா ஒண்ணும் கெடயாதுன்னு சொன்னீங்களே மேடம்."

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முதல் வருஷத்திலேயே சரிப்படவில்லை என்று தெரிந்தால் உடனே வெளியே வந்து அடுத்த ஜூனில் பி.காம். சேர்ந்துவிடலாம், நஷ்டம் ஒரு வருஷம். மூன்றாம் வருஷத்தில் அந்த யோசனை வரக் கூடாது என்றேன். இப்போதைக்கு அவள் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், ஐந்து வருஷ லாவுக்கும் போட்டிருக்கிறாள். கலைக் கல்லூரி சேர்க்கை முதலில் வரும் என்பதால் பி.காமில் சேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். லா கவுன்சிலிங்கில் பட்டரைப்பெரும்புதூர் கிடைத்தால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போக வேண்டியது. புதுப்பாக்கம் கிடைத்தால் மறுபடி மாடி ஏறி வரச் சொல்லியிருக்கிறேன்.